பக்கத்து வேலி

“மிஸ், அந்தக் கோவைக்கொடி காய்ச்சிட்டுது!” போனில் அஷ்ரபுக்கு மூச்சு வாங்கியது.

“அப்படி நடக்காது தம்பி,” என்றார் விவசாய உத்தியோகத்தர் இரத்தினேஸ்வரி. “நீங்கள் படம் அனுப்பினது பெண்கொடி. ஆண்கொடி இல்லாமல் பிஞ்சு நிக்காது, பிடுங்கிப் போடுங்கோ எண்டு போன மாசமே சொன்னனான்.”

“ஊரில இருந்து கொண்டுவந்த ஒரே தண்டு. பிடுங்க மனம் வரல்ல மிஸ். பீப்பாயில நட்டு, கம்பியில படர விட்டனான். இண்டைக்குப் பாத்தா ஒரு காய் தொங்குது!”

“அப்ப பக்கத்து வேலியில ஆண்கொடி இருக்கும். தேனீ அங்கயிருந்து மகரந்தம் கொண்டுவந்திருக்கும். சுத்திப் பாருங்கோ.”

அஷ்ரப் சுற்றிப் பார்த்தான். நாலு பக்கமும் கடல். வெகுதூரத்தில் கிண்ணியாக் கரை ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது.

“இங்க வேலி இல்ல மிஸ். கொட்டியாரக் குடாவுக்கு நடுவில நங்கூரம் போட்ட கப்பல்லதான் எனக்கு வேலை.”

மறுமுனையில் அவர் குரல் தாழ்ந்து வந்தது. “கடலைத் தாண்டியா வந்தது?”

புதிதாய் மலர்ந்த வெள்ளைப் பூவுக்குள், உடம்பெல்லாம் மஞ்சள் தூள் அப்பிய தேனீ ஒன்று அப்போதுதான் இறங்கியது.

“நீங்களே கேளுங்க மிஸ்,” என்று அஷ்ரப் போனைப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்தான்.