இப்ப எரியுதோ?

"இப்ப எரியுதோ, தங்கச்சி?"

"ஓம் அண்ணை. எரியுது."

பாக்கியரத்தினம் ஸ்ரேறிங்குக்குக் கீழே மல்லாந்து கிடந்தான். இடுப்பு வரைக்கும் காருக்குள். கால்கள் இரண்டும் பொலிஸ் நிலைய முற்றத்து வெயிலில். முதுகுக்குக் கீழே கண்ணாடித் தூள் நறுநறுத்தது.

சாரதி ஆசனத்தில் சாக்கு விரித்திருந்தார்கள். ஏன் விரித்திருக்கிறது என்று அவனுக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காருக்கு முன்னால் குலசிங்கத்தின் மனைவி புஸ்பராணி நின்றாள். லைற் எரிகிறதா அணைந்ததா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று அவன்தான் கேட்டான். கான்ஸ்டபிள் ஸெய்னுதீன் வேப்பமர நிழலை விட்டு அசையவில்லை. அவளே வந்து நின்றுகொண்டாள்.

குலசிங்கம் உப்புவெளி ஹோட்டல் முதலாளி ஒருவரின் கார் ஓட்டியவன். முந்தாநாள் பொழுதுபடுகிற நேரம், துறைமுகத்துக்குப் போகிற வீதியில், நேவியின் சென்றிக் காவலரணில் செத்தான்.

சென்றி கண்ணில் பட்டதும் முன் லைற்றை அணைக்க வேண்டும், உள் லைற்றைப் போட வேண்டும், முகம் தெரிய மெல்லப் போக வேண்டும். திருகோணமலையில் வாகனம் ஓட்டுகிறவனுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. குலசிங்கம் உள் லைற்றைப் போட்டிருந்தான். முன் லைற் எரிந்தபடியே இருந்தது.

மூன்று வெடி.

இரண்டு மணிக்கு மரண விசாரணை. லைற்றை அணைக்க முடிந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்லத்தான் பாக்கியரத்தினத்தைக் கூட்டி வந்திருந்தார்கள். இந்தப் புதுக் கார்களில் கை வைக்கத் துணிந்த மெக்கானிக் ஊரில் அவன் ஒருவன்தான்.

"லைற்றை நூக்கேலாமல் இருந்ததெண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும் அண்ணை," என்றாள் புஸ்பராணி. "வேணுமெண்டு நூக்கேல்லை எண்டு எழுதிப்போட்டா அவரை இயக்கக்காரனாக்கிப் போடுவாங்கள். பிறகு என்ர தம்பியையும் விட்டுவைக்க மாட்டாங்கள்."

பாக்கியரத்தினம் வயர்களை விலக்கிப் பார்த்தான். ரோச் லைற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான்.

துணிவு வேறு, தெரிவது வேறு. பழைய மொறிஸ் காரில் குமிழைப் பிடித்து இழுத்தால் எரியும், தள்ளினால் அணையும். வயரை விரலால் தடவிக்கொண்டே போனால் பல்ப்பில் போய் முடியும். துறைமுகத்து லொறிகளை இருபது வருடம் அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். இந்தச் சனியனில் எந்த வயரைப் பிடித்துப் போனாலும் ஒரு கறுப்புப் பெட்டி வரும். பெட்டிக்கு ஓர் ஆணிகூட இல்லை. திறக்கவும் ஏலாது, கேட்கவும் ஏலாது. சுவிச் பெட்டிக்குச் சொல்லுமாம், பெட்டி மனம் வைத்தால் லைற் எரியுமாம். சுவிச் பழுதென்றால் முழுதாக மாற்ற வேண்டும். அது கொழும்பில் இருந்து வர வேண்டும். சண்டையில் பாதையைப் பூட்டிவிட்டால் கார் ஒரு மாதம் நிற்கும். ஓட்டுகிறவன் வீட்டில் உலை நிற்கும்.

"இப்ப?"

"எரியுது அண்ணை."

ஒவ்வொரு தரமும் அந்தச் சொல்லில் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் ஏறியது.

ஸெய்னுதீன் சோம்பல் முறித்துக்கொண்டு வந்தார். "என்ன பாஸ், இதச் செஞ்ச ஜப்பான்காரனையே கூட்டிட்டு வரணும் போல?" என்று சிரித்தார். பிறகு குனிந்து, அவளுக்குக் கேளாமல் சொன்னார். "வேற யாராச்சும் இதுல கை வெச்சிருந்தா சொல்லிடுங்க. லைற்ற நூராமச் செஞ்சு குடுத்தவன் யாருன்னுதான் பெரியவரு கேக்கிறாரு. கெடைச்சா, அவன் திரும்பி வீட்டுக்குப் போக மாட்டான்."

"அப்பிடி ஒண்டும் தெரியேல்லை," என்றான் பாக்கியரத்தினம். ரோச் லைற்றை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னான்.

குறட்டினால் வயர் ஒன்றை நறுக்கினான். இரண்டு முனைகளை முறுக்கினான். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. சுவிச்சைத் திருப்பினான்.

"இப்ப?"

அவளுடைய காலடி கிட்ட வந்தது.

"நூந்திட்டுது."

அவன் வெளியே ஊர்ந்து வந்து எழும்பினான். புஸ்பராணி கதவடிக்கு வந்தாள். சாக்கில் படாமல் எட்டிக் கையை நீட்டித் தானே சுவிச்சைத் திருப்பினாள். எரிந்தது. திருப்பினாள். அணைந்தது. இன்னொரு தரம். இன்னொரு தரம். ஸெய்னுதீன் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"அப்ப மறந்துதான் போனாரோ அண்ணை?" என்றாள். "அவர் மறக்கிற ஆளில்லையே."

"அவசர அந்தரத்தில மறதி ஆருக்கும் வரும், தங்கச்சி."

கை கழுவக் குழாயடிக்குப் போனான். ஒருவரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் பொத்திய கையை விரித்தான்.

ஒரு சாண் சிவப்பு வயர்.

போன செவ்வாய்க்கிழமை, ஓட ஓட லைற் அணைகிறது என்று குலசிங்கம் முதலாளிக்குத் தெரியாமல் காரைக் கொண்டு வந்தபோது, சுவிச்சை வெட்டிவிட்டு நேராகக் கொடுத்த வயர். இனிச் சுவிச் வேலை செய்யாது, சென்றியில் சாவியைத் திருப்பு, லைற் நூரும் என்று சொல்லி அனுப்பியதும் அவன்தான். சாவியைத் திருப்பிய பிறகும் அந்தப் பெட்டி அரை நிமிடம் லைற்றை எரிய விடும் என்று அவனுக்கு இன்று காலையில்தான் தெரிந்தது.

சென்றியடியில் நின்றபடியே, ஒருவரும் சாவியைத் தொடாமல், கட்டி இழுத்து வந்த கார். காலையில் அவன் கதவைத் திறந்தபோது, சாவி அணைத்தபடிதான் இருந்தது.