அனுமதி: ஜேக்கப்

லிசாவின் கைப்பையை மேசைமேல் கவிழ்த்தான் செக்யூரிட்டி மஞ்சுநாத். டிபன் பாக்ஸ், மடக்குக் குடை, சீப்பு, ஜெபமாலை. தேடியது கிடைக்கவில்லை.

"என் பேர்ல லாகின் பண்ணின இன்னொரு போன் இருக்குமே, அது எங்க?" என்றார் மேனேஜர் ஜேக்கப். அந்தக் குரலில் இருந்தது கோபமா சந்தோஷமா என்று சொல்வது கஷ்டம்.

"என்கிட்ட ஒரே போன்தான் சார். அதையும் பிடுங்கி ட்ரேல வெச்சுட்டீங்க."

விசாரணை என்பதால் ஜேக்கப்பின் போனும் அதே ட்ரேயில்தான் இருந்தது. முதலாளி ஜேன் மேடம் மஞ்சுநாத்தைப் பார்த்து, "ஸ்வல்ப ஹொரகடெ இரி" என்றார். அவன் வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற சின்னக் கம்பெனி அது. நர்சிங் ஹோம்களுக்கு டோக்கன் போடும் மென்பொருளை நடத்துகிறது. ஒவ்வொரு நர்சிங் ஹோமுக்கும் ஒரு கண்டெய்னர். லாரியில் ஏறுகிற பெட்டி இல்லை. மென்பொருளையும் அது ஓடத் தேவையானதையும் ஒன்றாக அடைத்து கம்ப்யூட்டருக்குள் வைத்த பெட்டி. அத்தனையையும் கவனித்துக்கொள்வது ஒரு ஏஐ ஏஜென்ட்.

அது எதுவரை போகலாம் என்று எல்லை போடுவதுதான் லிசாவின் வேலை. எதை அழிப்பதாக இருந்தாலும் மேனேஜரைக் கேட்க வேண்டும், அவர் சரி என்றால்தான் கை வைக்க வேண்டும் என்று போட்டிருந்தாள். "தும்முறதுக்குக்கூட என்னைத்தான் கேக்கும்போல" என்று அன்றைக்கே ஜேக்கப் எரிந்து விழுந்தார்.

ஆனாலும் அனுமதி விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஏஜென்ட் கேட்டாலும், ஊழியர்கள் லீவு கேட்டாலும், அனுப்பிய விரலை எடுப்பதற்குள் 'சரி' வந்துவிடும். ஆபீசில் எல்லோருக்கும் அவரிடம் பிடித்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில், குண்டலுபேட்டை நர்சிங் ஹோமின் கண்டெய்னரை ஏஜென்ட் அழித்துவிட்டது. இன்று அங்கே கர்ப்பிணிகள் யாருக்கு எந்த டோக்கன் என்று தெரியாமல் நிற்கிறார்கள். அழிப்பதற்கு முன் ஏஜென்ட் ஒழுங்காகக் கேட்டிருக்கிறது. ஜேக்கப்பின் பெயரில் அனுமதியும் போயிருக்கிறது.

"நான் சர்ச்சுல பூசையில இருந்தேன் மேடம். போன் ஸ்கூட்டர் டிக்கிக்குள்ள கிடந்துச்சு. என் பாஸ்வேர்டைத் திருடி இவதான் சரின்னு அமுக்கியிருக்கா. இவ போட்ட எல்லையை நான் கிண்டல் பண்ணேன்ல, அந்த வஞ்சம்."

"உங்க பாஸ்வேர்டு எனக்கெதுக்கு சார்?"

"சும்னெ இரு. இன்னிக்கு உன்னை போலீஸ்ல குடுக்காம விடமாட்டேன். இதுக்கப்புறம் மைசூர்ல எவன் உனக்கு வேலை குடுக்கிறான்னு பாக்கிறேன்."

அழுதால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று லிசா பல்லைக் கடித்துக்கொண்டாள். ஜேன் மேடம் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"மேடம், கடைசியா உங்க லேப்டாப்புல ஒரு வரி அடிச்சுக்கவா?"

"எதுக்கு? இன்னும் எதையாச்சும் அழிக்கவா?" என்றார் ஜேக்கப், கைகளைக் கட்டிக்கொண்டு.

"ஆமா சார்."

மேடம் புருவத்தை உயர்த்தினார். ஆனால் லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினார். நாளைக்குப் புது வாடிக்கையாளரிடம் காட்டுவதற்காக ஜேக்கப் மாதக்கணக்கில் உருவாக்கி வைத்திருந்த கண்டெய்னர் ஒன்று இருந்தது. அதை அழித்துவிடு என்று ஏஜென்ட்டுக்கு அடித்தாள் லிசா.

திரையைப் பார்த்துவிட்டு ஜேக்கப் சிரித்தார். "பைத்தியமா உனக்கு? என்னைக் கேக்காம அது தொடாது. நான் சரின்னு சொல்லப் போறேனா?"

ட்ரேயில் இருந்த அவருடைய போன் ஒளிர்ந்தது. 'இந்தக் கண்டெய்னரை அழிக்கலாமா?' என்று ஏஜென்ட் கேட்டிருந்தது. யாரும் தொடாமலே அதன் கீழே பதில் விழுந்தது: 'சரி. அனுமதி: ஜேக்கப்.'

ஜேன் மேடம் போனைப் பார்த்தார். பிறகு, கட்டியபடியே இருந்த ஜேக்கப்பின் கைகளைப் பார்த்தார்.

"இப்போ சரின்னது யாரு ஜேக்கப்?"

ஜேக்கப்புக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஓயாம கேட்டுக்கிட்டே இருந்துச்சு மேடம்... என் பேர்ல பதிலையும் அதையே சொல்லிக்கச் சொல்லிட்டேன்."