நிலவில் நிற்பவன்

“இது என்ர பிள்ளையின்ர முதுகு.”

யோகராணி சொன்னதும் வர்ஷா பேச்சை நிறுத்தினாள். புலம்பெயர்ந்த நாட்டில், லிட்கம் ஊர் மண்டபத்தில் அந்த ஓவியக் கண்காட்சியை நடத்துபவள் அவள்.

ஓவியத்தில் நிலவு. இடிந்த வீடு, பனிமூட்டம், கடல். கரையில் சட்டை இல்லாமல் ஒருவன் கடலைப் பார்த்து நின்றான். பன்னிரண்டு ஓவியங்களிலும் அவனேதான். ஒன்றிலும் முகம் இல்லை.

“ஆன்ட்டி, இது நியோ-ரொமான்டிக் ஸ்டைல். நிஜ மனுஷங்க இல்ல. இயற்கைக்கு முன்னாடி ஒருத்தர் தனியா, முதுகைக் காட்டி நிப்பார். அந்தத் தனிமைதான் சப்ஜெக்ட்.”

“ஸ்டைலோ? இடது தோள்பட்டையைப் பாருங்கோ பிள்ளை. சைக்கிளால விழுந்து முறிஞ்சது. முறிவு பாக்கிற பரியாரி பிழையாக் கட்டிப்போட்டார். சனிக்கிழமையில எண்ணெய் பூசேக்க என்ர கை அதிலதான் இடறும்.”

“தற்செயலா இருக்கலாம், ஆன்ட்டி.”

“பன்னிரண்டு படத்திலயுமோ?”

வர்ஷா கையிலிருந்த கேட்டலாக்கைப் புரட்டினாள்.

போரின் கடைசி நாட்களில் மகன் சுஜீதன் காணாமற்போய்ப் பதினேழு வருடங்கள். இறந்துவிட்டதாக எண்ணி அந்தியேட்டிக் கிரியை செய்துவிடு என்று சொன்ன சொந்தத் தம்பியோடு யோகராணி இன்றுவரை பேசுவதில்லை.

“கீறினவர் எங்க?”

ஓவியங்களை வரைந்த அருந்தவன் தேநீர் மேசையருகே நின்றான். நாற்பத்தைந்து வயது. வாரநாட்களில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். வர்ஷா கைகாட்டி அழைத்தாள்.

“தம்பி, நீங்கள் என்ர சுஜீதனைக் கண்டனீங்கள், என்ன?”

அவன் ஓவியத்தைப் பார்த்தான். பிறகு அவளை.

“பேர் தெரியாது, அன்ரி.”

“ஆனா கண்டனீங்கள்.”

“ஓம்.”

அவள் அவனுக்கு இன்னும் கிட்ட வந்தாள்.

“எல்லாம் கற்பனைன்னுதானே கேட்டலாக்ல எழுதிக் குடுத்தீங்க, அண்ணா?” என்றாள் வர்ஷா. அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

“எங்க கண்டனீங்கள்? உங்களோட பிடிபட்டவனோ? உயிரோட இருக்கிறானோ?”

“கரையில காவலுக்கு நிண்ட ஒரு இரவுதான் கண்டனான், அன்ரி. கொஞ்ச நேரம்.”

“கொஞ்ச நேரம் கண்டதை இவ்வளவு வடிவாக் கீறி வைச்சிருக்கிறீங்களே. ஆரும் மறந்துபோற பிள்ளையில்லை அவன்.” யோகராணி அவன் கையை இரண்டு கைகளாலும் பற்றினாள். “ஆல்பம் எல்லாம் வீட்டோட எரிஞ்சுபோச்சு. ஒரு படம் இல்லை. முகத்தையும் ஒருக்காக் கீறித் தாங்கோ, ராசா.”

“முகம் தெரியாது.”

“கிட்ட நிண்டனீங்கள். முகம் தெரியாதோ?”

அருந்தவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“அவர் என்ர பக்கம் முகத்தைத் திருப்ப வெளிக்கிட்டவர், அன்ரி. அதுக்கு முதல் நான் சுட்டிட்டன்.”