பேச்சிக்கனி எழுந்து நின்ற நேரம்

ஆசிரியர் பயிற்சி முகாமில், மாணவரின் மனதுக்குள் நுழைந்து பார்க்க வைக்கும் ஹெல்மெட்டை மாட்டியதும் ஜெசிந்தா டீச்சர் தன் மாணவி பேச்சிக்கனியாகவே ஆகிப்போனார். போன வாரத்து ஆங்கில வகுப்பு. பேச்சிக்கனி எழுந்து நிற்கிறாள். பள்ளிக்கு வரும் வழியில் என்ன பார்த்தாய் என்று, கரும்பலகைப் பக்கமிருந்து ஜெசிந்தாவின் குரலே ஆங்கிலத்தில் கேட்கிறது.

உடனே உள்ளே உப்பளம் விரிந்தது. வெயிலில் கண் கூசும் உப்புக் குவியல்கள். பாத்தித் தண்ணீரில் ஒற்றைக் காலில் நிற்கும் பூநாரைகள். பூநாரைக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நீளக் கால், ரோஸ் நிறம், பறவை என்று ஒவ்வொரு சொல்லாக எங்கிருந்தோ தூக்கி வந்தாள். வைத்துப் பார்த்தாள், மாற்றி வைத்தாள். இந்தச் சின்னத் தலைக்குள் இவ்வளவு பெரிய வேலையா! ஜெசிந்தாவுக்குப் புல்லரித்தது. இதோ, வாய் திறக்கப் போகிறாள்.

"நெக்ஸ்ட்!" என்றது ஜெசிந்தாவின் குரல். பூநாரைகள் எல்லாம் மறைந்துபோயின.

ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவர் கண் கலங்கியிருந்தது. "ரொம்ப நேரம் நின்னுட்டாளோ சார்?"

"எங்க மேடம், ரெண்டு மூச்சு விடுற நேரந்தான்" என்றார் பயிற்சியாளர்.

திங்கட்கிழமை வகுப்பில் ஜெசிந்தா அதே கேள்வியைப் பேச்சிக்கனியிடமே கேட்டார். அவள் எழுந்து, வழக்கம்போலத் தரையைப் பார்த்தாள். பக்கத்துப் பிள்ளை பழக்கதோஷத்தில் தானாகவே எழுந்துவிட்டாள். டீச்சர் அவளைக் கையமர்த்தி உட்கார வைத்தார். வகுப்பே அசையவில்லை.

தலைமையாசிரியர் வாசலில் எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர், கிளாஸ் சும்மா கெடக்கு?"

"மெதுவா பேசுங்க சார்," என்று கிசுகிசுத்தார் ஜெசிந்தா. "பூநாரை பறந்துரப் போகுது."