எலுமிச்சம்பழத்துக்கு நின்ற வண்டி

ஷோரூம் வாசலில் பூங்காவனம் புது வண்டியின் நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். சித்தாள் வேலை பார்த்துக் காய்த்துப்போன கை. மழைத்தண்ணீர் சந்தில் முழங்காலுக்கு நிற்கும் நாளிலும் புருஷன் மாசிலாமணியை டயாலிசிஸுக்குக் கொண்டுபோயாக வேண்டும். அதற்காகத்தான் உயரமான இந்தச் சின்ன எஸ்யூவியைப் பிடித்திருந்தாள். ஸ்டியரிங் கிடையாது, சொன்னால் தானே ஓடும்.

இருவரும் ஏறி உட்கார்ந்ததும் "கிளம்பு" என்றாள்.

"சக்கரத்தின் கீழே தடை உள்ளது. நகர இயலாது" என்றது வண்டி.

விற்பனையாளர் சிரித்தார். "பழத்த எடுத்துடுங்கக்கா. பாதுகாப்புக்காக நிக்குது."

"நசுக்குன்னு நானே சொன்னா?"

"அது முடிவு பண்ணதுதான்க்கா. நாம மாத்த முடியாது."

"ஒரு பழம்தானே, எடுத்துடேன் புள்ள" என்றான் மாசிலாமணி.

"பழத்துக்கே நிக்கிறது வெள்ளத்துல எறங்குமாய்யா? தண்ணி வடியட்டும்னு ரெண்டு நாள் நின்னா, உன் உடம்பு தாங்குமா?"

அவள் இறங்கி, மூலையில் தூசி படிந்து நின்ற பழைய வண்டியைக் காட்டினாள். அதுவும் உயரம்தான், ஆனால் அதில் ஸ்டியரிங் இருந்தது.

"அத நீங்களே ஓட்டணும்க்கா. ஓட்டத் தெரியுமா?"

"கத்துக்கறேன்."

"இந்த வயசுலயா? எங்கனா இடிச்சுட்டீங்கன்னா?"

மாசிலாமணி புது வண்டியிலிருந்து மெதுவாக இறங்கினான். மூச்சு வாங்க நடந்துபோய்ப் பழைய வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

"இடிக்கட்டும் சார்," என்றான். "என் பொண்டாட்டிதானே இடிக்கப்போறா."