முதலாளியைக் காணோம்

"அத்தை, முதலாளி எங்கே?"

"எனக்கென்ன தெரியும்? எங்கேயோ போயிடுச்சு."

முதலாளி என்பது பூனை. சோபாவில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வீட்டையே வேலை வாங்கும் என்பதால் அந்தப் பெயர். கல்யாணமாகி வந்தபோதே மருமகள் கையோடு கொண்டுவந்தது.

மாமியாருக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். பூனை முடி பட்டால் போதும், அவருக்கு அடுக்குத் தும்மல். ரிடையரான கணக்கு டீச்சர் ஆச்சே, ஒவ்வொன்றையும் எண்ணிச் சொல்லுவார். அவர் தும்மத் தொடங்கினாலே, "தள்ளுங்க அத்தை" என்று மருமகள் ஓடிவந்து பூனை வெளிக்குப் போகும் மணல் தட்டைத் தூக்கிப்போய்க் கழுவுவாள்.

நேற்றுதான் டாக்டர் அவள் முழுகாமல் இருப்பதை உறுதி செய்தார். வீடே சிரித்தது. விடிந்து பார்த்தால் பூனையும் இல்லை, தட்டும் இல்லை.

"தானா போற பூனை தட்டையும் தூக்கிட்டா போகும்?" என்று கணவனிடம் பொருமினாள்.

"அம்மாகிட்ட நான் எப்படிக் கேக்கறது?" என்று அவன் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினான்.

பத்து நாள் அவள் மாமியாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமியாரோ துணி காயப்போட மொட்டை மாடிக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். முழங்கால் வலிகூடப் பறந்துவிட்டது. இருக்காதா பின்னே, ஜெயித்துவிட்டாரே!

அடுத்த செக்கப்பில் டாக்டரம்மா கேட்டார்.

"சத்து மாத்திரை போடறீங்களா? வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா? பூனை கீனை இருக்கா?"

"இருந்துச்சு டாக்டர். மாமியார் துரத்திட்டாங்க." கண்ணில் நீர் முட்டியது.

"அடடா, துரத்தவே வேண்டாமே! மணல் தட்டை மட்டும் நீங்க தொடாதீங்க. அதுல இருக்கிற கிருமி குழந்தையோட கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். வேற யாராவது தினமும் சுத்தம் பண்ணினா போதும். போன தடவை கொடுத்த புத்தகத்துல இருக்கே, படிக்கலையா?"

எங்கே படித்தாள்? மேஜைமேல் வைத்ததோடு சரி.

வரிந்துகட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கீழே மாமியார் இல்லை. மொட்டை மாடியிலிருந்து தும்மல் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று...

படியேறிப் போனாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், மூக்கைத் துண்டால் கட்டி, கையில் உறை மாட்டி, மாமியார் மணல் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னலில் டாக்டர் கொடுத்த புத்தகம். பூனையைப் பற்றிய வரிகளுக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

"அத்தை! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

பதில் சொல்ல வாயைத் திறந்த மாமியாருக்குத் தும்மல்தான் வந்தது. அடுக்கடுக்காக ஆறு.

"தள்ளுங்க அத்தை, நான் கழுவறேன்..." மருமகளின் கை பழக்கத்தில் தானாகத் தட்டுக்குப் போனது.

"தொடாதே!" மாமியார் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "பார்த்தியா? இதுக்குத்தான் ஒளிச்சு வச்சேன்!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"பத்து நாள்ல முந்நூத்திப் பன்னிரண்டு," என்று மூக்கைத் துடைத்தார் மாமியார். "என் பேரப்பிள்ளை வந்து முதல் தும்மல் போடட்டும், அன்னிக்கு எண்ணறதை நிறுத்திக்கறேன்."