முகாமுக்கு ஒரே பாதிரியார்

ஒட்டடைக்குச்சி மறுபடியும் வாந்தி எடுத்தான். வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை. வெறும் தண்ணீர்தான் வந்தது. ஆள் ஒல்லி என்பதால் பட்டாளத்தில் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர்.

"கொஞ்சம் குடி," என்று தகரக் குவளையை நீட்டினார் பாதிரியார். லேஸ் இல்லாத பூட்ஸ் கழன்றுவிடாமல் காலைத் தேய்த்துத் தேய்த்து வந்து, காலிப் பெட்டிமேல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

போர்முனை முகாமில் ஆறுதல் சொல்ல இவரை விட்டால் நாதி கிடையாது. எந்தச் சிப்பாயின் கை நடுங்கினாலும் இவரிடம்தான் அனுப்பிவைப்பார்கள். இன்றைக்கும் அப்படித்தான்.

"இன்னும் எவ்வளவு நேரம், ஃபாதர்?"

"மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடுவாங்க. நம்ம கேப்டனுக்குப் பசி தாங்காது."

ஒட்டடைக்குச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. "வலிக்குமா, ஃபாதர்?"

"நேரா நெஞ்சுல பட்டா வலிக்காதுங்கறாங்க. திரும்பி வந்து சொன்னவன் எவனும் இல்ல."

நடந்த குற்றம் இதுதான். காயம்பட்ட எதிரிச் சிப்பாய்கள் இரண்டு பேரை ஜெபக் கூடாரத்தில் ஒளித்துவைத்து, ராவோடு ராவாக ஆற்றுக்கு அக்கரை சேர்த்தாயிற்று. அது ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை என்பது கேப்டனுக்கும் தெரியும்.

கொட்டகைக் கதவு படாரென்று திறந்தது. "கடைசியா கேக்குறேன்," என்றார் கேப்டன். "கூட இருந்த இன்னொருத்தன் யாரு? பேரைச் சொன்னா தண்டனை ரத்து."

ஒட்டடைக்குச்சி வாயைத் திறந்தான். பாதிரியாரின் கை அவன் தோளை இறுக்கிப் பிடித்தது.

"பாவமன்னிப்புல கேட்டது என்னோடவே மண்ணுக்குள்ள போகும். வேற வேலை இருந்தா பாருங்க, கேப்டன்."

"திமிரு!"

"திமிருதான். இந்த யுத்தத்துல என்கிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

கேப்டன் பல்லைக் கடித்தபடி வெளியேறினார்.

"நான் சொல்லிடுறேன் ஃபாதர்... என்னால தாங்க முடியல," என்று தேம்பினான் ஒட்டடைக்குச்சி.

"மூச்! இது ஒரு உசுரோட முடியட்டும். இன்னொருத்தன் சாகறதுக்கு நான் விட மாட்டேன். அக்கரைக்குப் போன ரெண்டு பேரும் இந்நேரம் அம்மா கையால சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க. அதை நினைச்சுக்கோ."

வெளியே பூட்ஸ் சத்தம் வரிசையாக வந்து நின்றது. "நேரமாச்சு!" என்று ஒரு குரல் கேட்டது.

ஒட்டடைக்குச்சி பெட்டியை விட்டு எழவில்லை. பாதிரியார் அவனைத் தூக்கி நிறுத்தினார். தன் சட்டைக் கையாலேயே அவன் முகத்தைத் துடைத்து, அவனுடைய காலர் பட்டனைப் போட்டுவிட்டார். அவர் கையில் துளி நடுக்கமில்லை.

"போய் உன் துப்பாக்கிய எடுத்துக்கப்பா. நேரா என் நெஞ்சைப் பார்த்துச் சுடு."